தொண்ணூற்றொன்பதோடு நின்ற ஆடிச்சுற்று

சுலைமான் போய்விட்டான்.

நேற்று ஷார்ஜாவில் ட்யூட்டி முடிந்து ரூமுக்கு வந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தானாம்... அவ்வளவுதான். நாற்பத்தொன்று சாகிற வயதா?

கடையநல்லூர்க்காரன். இருபத்திரண்டு வயதில் நான் சங்கரன்கோவிலிலிருந்து ஏசி மெக்கானிக் வேலைக்கு அங்கே போனபோது எனக்கு மேல் கட்டில், அவனுக்குக் கீழ்க் கட்டில்.

நான் போன மூன்றாவது வாரம் ரம்ஜான் பெருநாள். யாரையும் தெரியாமல் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தேன். மேலே ஒரு புதுச்சட்டை வந்து விழுந்தது. அவன் போட்டிருந்த அதே கலர், அதே கட்டம்.

"ஏலே எந்திரி. நீ பழைய சட்டையோட கெடந்தா எனக்கு எப்படிலே பெருநாளு?"

அன்று அவன் பின்னாலேயே எத்தனை ரூம் ஏறி இறங்கினேன்! "உன் தம்பியா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஆமா" என்று கூசாமல் சொன்னான், பாவி.

அப்புறம் ஆடி வந்தது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால், வேண்டிக்கொண்டு கோமதியம்மன் கோயிலை நூற்றியொரு சுற்று சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். சின்ன வயதிலிருந்து ஒரு வருஷமும் நான் விட்டதில்லை. அந்த வருஷம் லீவு கிடையாது. அழுகை அழுகையாக வந்தது.

"கோயில் இல்லேன்னா என்னலே, மொட்டைமாடி இருக்குல்லா? தண்ணி டேங்க்கச் சுத்து. நான் எண்ணுதேன்."

சாயங்காலமும் அனல்தான். சுற்றுக்கு ஒரு மணியாகத் தன் தஸ்பீஹ் மாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தான். காய்ந்த துணி எடுக்க வந்த, எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருவேங்கடத்துக்காரர் ஒருவர் சேர்ந்துகொண்டார். பிறகு குருவிகுளத்து ஆட்கள் இரண்டு பேர். இன்னும் இரண்டு பேர் சேர, கடைசியில் ஆறு பேர் டேங்க்கைச் சுற்றுகிறோம்! டேங்க் ஒழுகுகிறதோ என்று வாட்ச்மேன் பதறிப்போய் ஓடிவந்தார்.

அன்றைக்குத்தான் ஷார்ஜா எனக்கு ஊராகத் தெரிந்தது.

"முடிஞ்சிட்டுலே!" என்று கத்தினான். எல்லோரும் அப்படியே விழுந்தோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது... தஸ்பீஹில் மொத்தமே தொண்ணூற்றொன்பது மணி.

"ஏ மூதி, ரெண்டு குறையுதுலே!"

நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிரு மக்கா... அந்த ரெண்டையும் ஊர்ல வச்சு முடிச்சிருவோம். நீ சுத்து, நான் வாசல்ல நின்னு சரியா எண்ணுதேன்."

நான் ஊரோடு வந்து பத்து வருஷமாகிறது. வருஷா வருஷம் நூற்றியொன்று சுற்றிவிடுவேன். அந்தப் பழைய இரண்டை மட்டும் அவன் வரட்டும் என்று வைத்திருந்தேன். அவனுக்கு லீவு கிடைத்தால் பெருநாளுக்குத்தான். ஆடிக்கு வாய்ஸ் நோட் மட்டும் வரும்.

"ஏலே, அந்த ரெண்டும் கெடக்குல்லா?"

இந்த வருஷம் டிக்கெட்டே போட்டிருந்தான்... அடுத்த புதன்கிழமைக்கு.

அங்கேயே அடக்கம் செய்கிறார்களாம். முகம்கூடப் பார்க்க முடியாது.

இன்று காலை இங்கே கொடி ஏறியது. சாயங்காலம் சுற்றப் போகிறேன். இந்தத் தடவை தொண்ணூற்றொன்பதில் நின்றுவிடுவேன். அம்மன் கேட்டால், சுலைமான் எண்ணினான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

போயிட்டு வாலே.