பெரிய வெள்ளியன்று அக்கா உண்ட கோழிக்கறி

ஆண்டவரில் இளைப்பாறும் எங்கள் அக்காவைப் பற்றி எழுதும்படி உறவினர்கள் கேட்டார்கள். உயிரோடிருந்தவரை அவர் இளைப்பாறி நான் பார்த்ததில்லை. கூட இருந்த என்னையும் இளைப்பாற விட்டதில்லை.

ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அம்மா என்னைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட, பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே என்னை வளர்த்தவர் அவர்தான். மணமாகித் தஞ்சோங் ரம்புத்தானுக்கு வந்தபோது என்னையும் அழைத்துக்கொண்டார். மாமா சில ஆண்டுகளிலேயே காலமானார். பிறகு தையல் மிஷினும் நானும்தான் அவருக்குத் துணை.

மனநல மருத்துவமனைக்குப் போகும் சாலையில் எங்கள் வீடு. எழுபதுகளில், உள்ளே இருக்கும் மகனையோ மனைவியையோ பார்க்கத் தோட்டத்து மக்கள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்குவார்கள். பார்வை நேரமோ மதியத்துக்கு மேல்தான். வெயிலில் நிற்பவர்களை அக்கா வாசலிலிருந்தே கூப்பிடுவார்.

"உள்ள வாங்கலா, நெழல்ல உக்காந்துட்டுப் போலாம்."

கோப்பி, சோறு, சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன செபம். புத்தி சொல்லமாட்டார். அழுபவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். விருந்தாளிகள் அக்காவுக்கு, பாத்திரங்கள் எனக்கு. "ஏசுசாமியே வந்தாலும் தட்டு நான்தானே கழுவணும்" என்று முணுமுணுப்பேன். "கழுவுடி, புண்ணியம்" என்பார்.

மருத்துவமனையில் இருந்த முனியம்மாவுக்கு நோய் குணமாகியும் வீட்டார் அழைத்துப்போக வரவில்லை. அக்கா அவரை எங்கள் வீட்டிலேயே வைத்திருந்து, கணவரிடம் நடையாய் நடந்து பேசி, தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் யாரும் முனியம்மா கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. ஒரு பெரிய வெள்ளிக் காலையில், பேச்சுத் தாங்காமல் கணவர் மறுநாளே அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் விடப்போவதாகச் செய்தி வந்தது. அக்காவுக்கு ஒருசந்தி, பச்சைத் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் வைக்காத நாள். அப்படியே என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

எங்களைக் கண்ட சந்தோஷத்தில், அது என்ன நாள் என்று தெரியாத முனியம்மா தான் வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார். லயமே வாசலில் நின்று பார்த்தது. அக்கா தொடாமல் எழுந்தால், 'கொண்டாந்து விட்டவங்களே இவ கையால சாப்பிடல' என்ற பேச்சு வந்துவிடும். பிறகு முனியம்மாவுக்கு அந்த வீட்டில் இடமிருக்காது. நான் அக்காவைக் கிள்ளினேன்.

"அக்கா, பெரிய வெள்ளிக்கா!"

"ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ சும்மா இரு" என்றவர், முனியம்மாவிடம் தட்டை நீட்டினார். "இன்னும் ரெண்டு துண்டு போடும்மா. நல்லாருக்கு."

தயங்கித் தயங்கிக் கணவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அக்கா பஸ்ஸில் செபமாலை உருட்டிக்கொண்டே வந்தார். எனக்குப் பசி, கறியைத் தொடாமல் வெறும் வயிற்றோடு வந்தவள் நான்தானே.

சென்ற ஆண்டு அக்கா படுக்கையில் விழுந்தபோது உதவிய மருத்துவருக்கும், செபம் சொல்ல வந்த கோயில் மக்களுக்கும், சவப்பெட்டி சுமந்த குனோங் ராபாட் ஊர்த் தம்பிகளுக்கும் நன்றி. முனியம்மாவுக்குத் தனியே சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் அக்காவை ஒற்றை ஆளாகப் பார்த்து, நிற்கவும் தெம்பில்லாமல் இருந்த என்னிடம் ஒரு பிற்பகல் வந்து, "நீங்க செத்த நேரம் படுங்க சின்னக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது அக்கா இல்லை. அவர் கை முனியம்மா கைக்குள் இருந்தது. ஏன் என்னை எழுப்பவில்லை என்று கத்தினேன்.

"எழுப்பத்தான் எந்திரிச்சேன் சின்னக்கா. அக்காதான் கையப் புடிச்சுக்கிட்டாங்க. 'வேணாம், அவ தூங்கட்டும். என்னால ரொம்ப அலுத்துப் போயிட்டா'ன்னாங்க."