ஊரெல்லாம் சிவப்பு, ஒரு வீடு தவிர

அறுபதாம் ஆண்டு மாசி மாதம். வன்னியில், கிளிநொச்சிக்குப் பக்கத்து உருத்திரபுரத்தில் எங்கள் முதற்பிள்ளை பிறந்து முப்பதாம் நாள். கொழும்புக் கந்தோரில் கேட்டுக் கேட்டு வாய் நொந்த பிறகுதான் லீவு கிடைத்தது. மகளை நான் இன்னும் பார்க்கவில்லை. இரவு ரயிலில் உட்கார்ந்திருக்கப் பொறுமையின்றி விமானச் சீட்டு எடுத்தேன். ஆசை வெட்கமறியாது என்பார்கள். என் ஆசைக்கு வழியும் தெரியவில்லை.

மனைவி மங்கைக்கு முன்கூட்டியே எழுதியிருந்தேன். விமானம் உங்கள் தலைக்கு மேலால்தான் வரும். வைக்கோற்போரில் உன் சிவப்புக் கல்யாணக் கூறைச்சேலையை விரித்துவிட்டுப் பிள்ளையோடு பக்கத்தில் நில் என்று.

இரத்மலானையில் காலை ஏழரைக்குக் கிளம்பி, திருகோணமலையில் சற்றுத் தங்கி, பலாலிக்குப் பத்து மணி. ஏறக்குறைய இருநூற்றறுபது மைல். போகிறவர்கள் இடப்பக்க யன்னலைக் கேட்டு வாங்குங்கள். திருகோணமலை தாண்டினால் காடு, காடு, காடுதான். விசிறிகளின் இரைச்சல் தாலாட்டாகிக் கண் செருகிவிட்டது. விழித்தபோது கீழே இரணைமடுக் குளம், முகில்களையெல்லாம் தனக்குள் வாங்கிக்கொண்டு கிடந்தது. எந்தப் பக்கம் வானம் என்று ஒரு கணம் தெரியவில்லை.

பிறகு வாய்க்கால், அறுத்த வயல்கள், ஒரே அளவான காணிகளில் ஒரே மாதிரி வீடுகள். ஒரு போரில் சிவப்புத் தெரிந்தது. அதுதான் என்று கையசைத்தேன். அடுத்த போரிலும் சிவப்பு. அதற்கடுத்ததிலும். வாய்க்கால் நெடுகக் கூறைச்சேலைகள், முற்றங்களில் பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். இதில் எது என் மகள்? எல்லோருக்குமாகக் கையசைத்தேன். ஒரு போர் மட்டும் வெறுமையாக நின்றது. என் கண் அதைத் தாண்டி அடுத்த சிவப்புக்கு ஓடியது. அதற்குள் கடல்நீரேரி வந்துவிட்டது.

பலாலியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கிளிநொச்சிக்கு இன்னொன்று. கிளிநொச்சியில் பிடித்த வாடகைக் காரின் சாரதி என் பெட்டியில் தொங்கிய விமானச் சீட்டுத் துண்டைக் கவனித்தார்.

"பிளேனிலயோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"காலமை எங்கட தலைக்கு மேலாலதான் போச்சுது. அப்பவே குதிச்சிருக்கலாம், ஐயா."

வீட்டுப் படலையில் இறங்கும்போது மூன்று மணி. விமானத்தில் இரண்டரை மணி நேரம். தாண்டிப்போன ஊருக்குத் திரும்பிவர ஐந்து மணி நேரம். வளவுக்குள் வைக்கோற்போர் வெறுமையாக நின்றது.

மங்கை பிள்ளையோடு அறை வாசலிலேயே நின்றாள். "எங்களைக் கண்டனீங்களோ?"

"சேலை எங்கை?"

"துடக்கு நாளைக்குத்தானே கழியுது. அம்மா முத்தத்தில இறங்கவும் விடேல்ல, கூறையைத் தொடவும் விடேல்ல. யன்னலுக்கால அயலுக்குச் சொல்லி அழுதனான். உன்ர மனுசன் வெறுங்கண்ணோட போகக் கூடாதெண்டு அவையள் தங்கட கூறையளை விரிச்சவை."

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு, என்பது அந்தக் கடிதத்தை எழுதியபோது எனக்கு நினைவிலேயே இல்லை.

வன்னிக்குப் போகிறவர்கள் இரவு ரயிலில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்குங்கள். விடிய வீட்டில் நிற்கலாம். விமானம் பலாலிக்குப் போகிறவர்களுக்கு.

மகளை வாங்கிக்கொண்டேன். காலையில் விமானச் சத்தம் கேட்டு அவள் கண் விழித்து, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். அந்த நேரத்தில் நான் ஊருக்கெல்லாம் கையசைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வீட்டைத் தவிர.