சரியாக நின்ற எடை

பிளஸ் டூவில் வணிகவியல் படித்த எனக்கு, இறுதி இருப்புக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஆரம்பத்தில் இருந்த சரக்கோடு வாங்கியதைக் கூட்டு, கொடுத்ததைக் கழி. மிச்சம் அலமாரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ எடுத்துவிட்டார்கள். பின்பக்கங்களில் 'இயல்பான நட்டம்' என்று ஒரு பத்தி இருந்தது. பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரு பட்டு நூல் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். சேத்துப்பட்டுப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் கூலிக் குடும்பம் எங்களுடையது. மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஐப்பசி அடைமழையில் ஒருநாள், முதலாளி நூலறைச் சரக்கை எடை போட்டு என் பொறுப்பில் எழுதி, அறைச் சாவியையும் கொடுத்தார். எனக்கு முன்னால் அந்தச் சாவியை வைத்திருந்தவரைக் கை சுத்தமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அப்புறம் ஊரில் எந்தக் கடையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பங்குனியில், வருடக் கணக்கு முடிக்க ஒரு வாரம் இருக்கும்போது, முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து நானே எடை போட்டேன். முக்கால் கிலோ குறைந்தது. மறுபடி போட்டேன். அதே முக்கால் கிலோ. சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. அப்படியானால் திருடி நான்தான். நான் எழுதிய நோட்டே அப்படித்தான் சொல்லும்.

சோறு இறங்கவில்லை. போலீஸ்காரர் சைக்கிளில் போனால்கூடச் சந்துக்குள் ஒதுங்கினேன். அப்பாவை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்பார்களே என்று நினைத்து நினைத்துச் செத்தேன். மூன்றாம் நாள் கண்ணமங்கலத்துக்கு பஸ் ஏறி, என்னைத் தெரியாத அடகுக் கடையில் கம்மலை வைத்தேன். ஆரணிக்குத் திரும்பி வேறொரு கடையில் அதே ரகப் பட்டு முக்கால் கிலோ வாங்கி, கடைச் சரக்கோடு கலந்துவிட்டேன். கடைப் பணம் வேறு, ஆளின் சொந்தப் பணம் வேறு என்பதுதான் வணிகவியலில் முதல் பாடம். அதில் முழு மார்க் வாங்கிய மகாராணி நான்!

கணக்கு நாளன்று முதலாளி எடை போட்டார். நோட்டில் இருந்தபடியே சரியாக நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அவர் முகம் மட்டும் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது, சரியா கீது?"

"சரியாத்தானங்க இருக்கணும், மொதலாளி."

"மழைல எட போட்டப்ப பட்டு ஈரத்த குடிச்சிகினு இருந்திச்சி. வெயில்ல காஞ்சா எட கொறையும். தறிக்காரன் வூட்டு கொழந்தைக்குக்கூட தெரியும். கொறையலன்னா, நூல எடுத்துட்டு மீதிக்கு தண்ணி தெளிச்சி வச்சிகீறாங்கன்னு அர்த்தம். உனுக்கு முன்னால இருந்தவன் அப்டித்தான் மாட்னான்."

ஈர மல்லாட்டை காய்ந்தால் மூட்டை எடை குறையும் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். பட்டும் அப்படித்தான் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லையே! பர்ஸிலிருந்து அடகுச் சீட்டையும் நூல் வாங்கிய ரசீதையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் இரண்டையும் படித்தார். பிறகு நூல் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எதிலும் ஈரம் இல்லை.

"எங்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னாம்மா?"

"நான்தான் எடுத்தேன்னு நெனச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேங்க."

முக்கால் கிலோவுக்கான பணத்தை எண்ணிக் கொடுத்து, ஜல்தியாகப் போய்க் கம்மலை மீட்கச் சொன்னார். நான் கும்பிட்டுவிட்டு எழுந்தபோது கையை நீட்டினார்.

"சாவிய குட்த்துட்டு போம்மா. எடுக்கிறவங்கள எடை காட்டிக் குட்த்துடும். கொறைஞ்சத ரொப்பி வைக்கிறவங்கள வச்சிகினு நான் எத நம்புறது?"

அன்றே கம்மலை மீட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அங்கேயே கணக்கெழுதினேன். ஒவ்வொரு பங்குனியிலும் குறைந்த எடையை அவர் சொல்ல, நான் நட்டத்தில் எழுதினேன். சாவியை மட்டும் அவர் திரும்பத் தரவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது.