ஜீப்பில் ஏறி வந்த பார்சல்கள்

எங்கள் ஊருக்கு முதல் பார்சல் வந்தது ஆடி மாதம். என் வீட்டுக்காரர் ஆவணி என்பார். ஆவணி இல்லை. அன்று சாமைக்காட்டில் முதல் களை எடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். முதல் களை எந்த வருஷமும் ஆவணி வரைக்கும் காத்திருந்ததில்லை. மகள் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் அது. ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒரு சாம்பல் நிறப் பையை என்னிடம் நீட்டினார்.

"இன்னா இது?"

"உன் பொண்ணு இன்னாத்தையோ ஆர்டர் போட்டிருக்கா. கீழ அந்தப் பார்சல்காரத் தம்பி வெயில்ல நின்னுக்கினு இருந்தான். காசக் குடுத்து வாங்கிக்கினு வந்துட்டேன்."

உள்ளே கல் வைத்த தலைமுடி கிளிப்புகள் இருந்தன. ஒன்று வரும்போதே உடைந்திருந்தது. மகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மற்றதை மாட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். அழகாகத்தான் இருந்தது.

பின்னால் நடந்தது புரிய எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் எங்கள் ஊர் வரைக்கும் ஜீப்தான். அந்த ஜீப் என் வீட்டுக்காரருடையது, தவணையில் வாங்கியது. காலையில் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, சாயங்காலம் ஏறும். ஊருக்கு வேண்டிய உர மூட்டை, ரேஷன் போதாமல் வாங்கும் அரிசி, மருந்து எல்லாம் அதில்தான் வரும். ஓட்டுகிறவர் தன் கைக்காசைப் போட்டு வாங்கி வருவார். சாமை விற்றதும், கடுக்காய் விற்றதும் அந்தந்த வீட்டார் தாங்களாகவே காசைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஜீப்காரர் போய்க் கேட்பது மரியாதை இல்லை. கேட்க வேண்டிய நிலைமையும் அதுவரை வந்ததில்லை.

பார்சல் கொண்டுவருகிற தம்பி கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் வருவான். மலைப்பாதையில் ஏற மாட்டான். அடிவாரத்து டீக்கடையில் நின்று, எங்கள் ஊர்ப் பேர் போட்ட பைகளை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வான். உர மூட்டைக்குக் கொடுத்த மாதிரியே இதற்கும் இவர் கொடுத்தார். அவர் கண்ணில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஊர்ச் சாமான், ஊருக்குப் போகிறது.

பிள்ளைகள் போட்ட கணக்கு வேறு. சமவெளியில் பார்சல்காரன் வீட்டு வாசலுக்கு வருவான். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம், ஒரு பைசா நஷ்டம் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதை நம்பித்தான் கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தினார்கள். வந்தால் பார்க்கலாம், வேண்டாம் என்றால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பை வாசலுக்கு வந்தபோதே அதற்கான காசு அடிவாரத்தில் கைமாறியிருந்தது. அதை இவர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்ட மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்று அவர்கள் திருப்பிக் கொடுத்த பைகள் எங்கள் வீட்டுப் பரண் மேல் ஏறின. கீழே கொண்டுபோனால் அந்தத் தம்பி, "இந்த ஊருக்கு ரிட்டர்ன் கெடையாதுண்ணே, சிஸ்டமே எடுக்காது" என்று கையை விரித்தான்.

மலைக்குக் கண்ணாடியும் பாசிமணியும் கொண்டுவந்து, தேனும் கடுக்காயும் வாங்கிப்போன பழைய வியாபாரிகளைப் பற்றி நூலகப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். அவர்களாவது மலை ஏறி வந்தார்கள்.

ஊரில் போனுக்கு டவர் கிடைப்பது மேற்குப் பாறையில் மட்டும்தான். சாயங்காலம் மூன்று பெண்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்: என் மகள், எதிர்வீட்டுப் பெண், மேட்டுவீட்டுப் பெண். மூவரும் கச்சிராயபாளையத்தில் ஒரே வகுப்பு, ஒரே ஜீப்பில் போய் வருகிறவர்கள். மூவரில் எதிர்வீட்டுப் பெண்தான் நன்றாகப் படிப்பாள். அவள் அப்பா திருப்பூரில் வேலை; அம்மா கூலிக்குப் போகிறவள்.

ஒருநாள் விறகோடு வரும்போது அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு ஜோடி ஷூ. வெள்ளை, அடி பருத்தது. அதற்கு மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்றே கடைசி என்று போட்டிருந்தது.

"நேத்தும் இதையேதான போட்டிருந்தான்? செவ்வாக்கெழம கடைசின்னா புதங்கெழம எப்படிடீ கடைசி ஆகும்?" என்றேன்.

மேட்டுவீட்டுப் பெண் திரும்பாமலே, "அத்த, போன்காரங்கிட்டயும் தேதி கேக்கறீங்களா? காலண்டர் கிழிக்கற வேலய அவனுக்கே குடுத்துடுங்க" என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண்தான் பதில் சொன்னாள். "பொய்யின்னு தெரியும் அத்த. தெரிஞ்சுதான் ஆர்டர் போடறோம்."

"தெரிஞ்சுமா?"

"க்ளாஸ்ல எல்லாரும் இதான் போட்டுக்கினு வராங்கம்மா" என்றாள் என் மகள். "நாங்க மட்டும் ரப்பர் செருப்போட போனா, இன்னாடி, நீங்க இன்னும் மரத்த வுட்டே எறங்கலியான்னு கேக்கறாளுங்க."

அதைச் சொல்லும்போதும் மூவரும் சிரித்தார்கள். நான் விறகைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொய்யை நம்புகிறவர்களுக்கு உண்மையைச் சொல்லலாம். இவர்களுக்கு என்ன சொல்வது?

ஷூ வந்தது. புரட்டாசி மழையில் செம்மண் சேறு அதன் அடியைப் பிடித்து இழுத்துக்கொண்டது. என் மகள் மேல்பாகத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குள் வகுப்பில் வேறு ஒன்று வந்துவிட்டது. கழுத்தில் மாட்டும் ஏதோ ஒன்று.

அந்த வருஷம் சாமை சுமார். கொடுக்க வந்தவர்கள் அரிசிக்கும் உரத்துக்கும் கொடுத்தார்கள். பார்சல்களுக்கும் காசு இறங்கியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், பிள்ளைகள் வாங்கியதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் ஒரு முறத்தில் சாமையோடு வந்தாள்.

"இத வெச்சுக்கக்கா. பொண்ணு பண்ணதுக்கு எங்கிட்ட வேற இன்னா கீது? பரண் மேல எங்க பை எத்தினி கீதுன்னு மட்டும் சொல்லாத. ராவுல தூக்கம் வராது."

என் வீட்டுக்காரர் முறத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் போனபிறகு, "நாமளே கேக்கணும்" என்றேன்.

"கேட்டுட்டு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? நாளைக்கு எவனுக்காச்சும் ஒடம்பு சரியில்லன்னா என் ஜீப்புல எப்படி ஏறுவான்?"

ஜீப் தவணை ஒரு மாதம் தள்ளிப்போனது. பிறகு அடுத்ததும்.

மறுவருஷம் ஐப்பசியில், பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கும்போது, அவரிடம் நான் ஒன்று சொன்னேன். பையை நீங்கள் வாங்காதீர்கள். யார் போட்டார்களோ அவர்களே பள்ளிக்கூடம் விட்டதும் டீக்கடைக்கு வந்து, பார்சல்காரத் தம்பியிடம் நேரில் வாங்கட்டும். வேண்டாம் என்றால் அங்கேயே சொல்லட்டும். இரண்டு நாள் யோசித்து அவர் ஒத்துக்கொண்டார்.

முதலில் போய் நின்றது மேட்டுவீட்டுப் பெண். அன்று சந்தைக்கு வந்த நான் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடை பெஞ்சில் கரும்பு வெட்டு ஆட்கள் நாலைந்து பேர். அவள் பிரித்தது ஒரு மேல்சட்டை. தூக்கிப் பிடித்தபோது அது ஒரு முழ அகலம்கூட இல்லை.

"பாப்பா, அது உனக்கா, உன் பொம்மைக்கா?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவள் சட்டையை மடித்துத் தம்பியிடமே கொடுத்து, "வேணாம்ணா" என்றாள். ஜீப்பில் ஏறி வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்காக எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அன்று காசு கைமாறவில்லை.

அதற்குப் பிறகு பைகள் குறைந்தன. பாறையில் பிள்ளைகள் பார்ப்பது நிற்கவில்லை, போடுவதுதான் நின்றது. கார்த்திகையில் ஒருநாள் என் மகள் போனை என் பக்கம் திருப்பி, "பாரு, இன்னிக்கும் கடைசி நாளாம்" என்றாள். மார்கழியில் ஒரு பை வந்தது, தையில் ஒன்றுகூட இல்லை. வகுப்பில் கேலிப் பேச்சு நின்றதா என்று கேட்டேன். "இல்ல. பழகிடுச்சு" என்றாள்.

மாசியில், பரீட்சைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, பழைய தவணை பாக்கிக்காக ஃபைனான்ஸ் ஆட்கள் வந்தார்கள். டீக்கடை எதிரில் பெண்கள் மூவரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் சாவியை உருவிக்கொண்டு, இறங்குங்கம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னானாம். என் வீட்டுக்காரர் பரீட்சை முடியட்டும் என்று கேட்டிருக்கிறார். "பரிச்ச எங்களுக்கு இல்லீங்களே" என்றிருக்கிறான் அவன்.

பெண்கள் புத்தகப் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பின்சீட்டுக்கு அடியில் ஒரு சாம்பல் நிறப் பை பிரிக்காமல் கிடந்தது. பழைய பைகளில் ஒன்று, பரணுக்கு வராமல் தங்கிவிட்டது. அவன் அதைத் தூக்கிக் காட்டி, "இது யாருது?" என்றான். மூவரும் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பையை மறுபடி சீட்டில் போட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். இதை மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வெள்ளிமலை வந்து, அங்கிருந்து இருட்டில் நாலு பேரும் நடந்து ஏறினார்கள்.

அந்த வழியில் விடியற்காலையில் பெண்களைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. என் மகள் கீழே நைனார்பாளையத்தில் என் தங்கை வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதினாள். எதிர்வீட்டுப் பெண்ணையும் அனுப்பு என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "ஒங்க ஜீப்பு போனதுக்கே நான் எப்படி மூஞ்சி காட்டறதுன்னு கீறேன். இதுக்கு மேல ஒங்க தங்கச்சி வூட்டு சோறு வேறயா?" என்றாள். அந்தப் பெண் பரீட்சை எழுதாமலே பங்குனியில் அவள் அப்பாவோடு திருப்பூருக்குப் போனாள், பனியன் கம்பெனிக்கு. மேட்டுவீட்டுப் பெண்ணும் எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் இப்போது கள்ளக்குறிச்சியில் வேறொருவரின் லோடு வண்டி ஓட்டுகிறார், சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். போன வாரம் அதே பார்சல்காரத் தம்பி பஸ் ஸ்டாண்டில் இவரைப் பார்த்து ஓடிவந்தானாம்.

"அண்ணே, ஒங்க ஊருக்கு ஒரு பார்சல் கீது. காசு அப்பறம்கூடக் குடுங்க."

"ஊருக்கு வண்டி இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யார் பேருக்கு வந்தது என்று கேட்கவில்லையாம்.