நான்காம் மறையுண்மை

"அக்டோபர், இரண்டாம் வெள்ளி. மாலை ஏழு பத்து. செபமாலையில் நான்காம் மறையுண்மையை விட்டுவிட்டேன். அப்பா இன்னும் வரவில்லை." எட்டாம் வகுப்பில் நான் எழுதிய நோட்டில் இப்படி இருக்கிறது. இன்று காரமடைச் சாலையில் ஒரு லாரி ஏர் பிரேக் போட்ட சத்தம் கேட்டதும், அந்த நோட்டைத் தேடி எடுத்தேன்.

அப்பா ஊட்டி மலைப்பாதையில் லாரி ஓட்டினார். அவர் இறங்கி வரும் நேரத்தில் வீட்டில் செபமாலை சொல்வோம்; இயேசுவின் வாழ்வில் நடந்த ஐந்து நிகழ்ச்சிகளை ஐந்து மறையுண்மைகளாக வரிசையாகச் சொல்லிச் செபிப்போம். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்தபடியே பதில் சொல்வாள். கடவுளோடு பேச அவளுக்குத் தனி நேரம் கிடையாது. அன்று செபத்தை முன்சொன்னவள் நான். மூன்றாவதிலிருந்து ஐந்தாவதற்குத் தாவிவிட்டேன்.

"நாலாவதை முழுங்கிப்போட்டியே அக்கா! இயேசு சிலுவை சுமக்கறதையே உட்டுட்டா, அப்பாவை யாரு சுமப்பாங்க?" என்று தம்பி சிரித்தான்.

ஆறரைக்கு வரவேண்டியவர் ஏழரைக்கும் வரவில்லை. மலைச்சரிவில் கவிழ்ந்த லாரி என் கண்ணுக்குள்ளேயே நின்றது. என்னால்தான் என்று நம்பினேன். எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். டயர் பஞ்சராம்.

அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன்.

"நீ உட்டது எனக்கும் தெரியும் கண்ணு. பால் பொங்கீட்டு இருந்துச்சு, சட்டுனு முடிஞ்சாச் சேரின்னு பேசாம இருந்துபோட்டேன். ஆண்டவரு இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாரு?"

அது நடந்ததா, என் பயம் தீரச் சொன்னதா? அம்மா இப்போது இல்லை. அப்பாவைக் கேட்டேன். "அன்னிக்கு பாலில்லாத வரக்காப்பிதான் குடுத்தா உங்கம்மா, அம்மணி" என்றார். பால் பொங்கி வழிந்ததாலா, வீட்டில் பாலே இல்லாததாலா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.