ரெண்டு சாமி

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் ஒரு வருடம் கம்பெனியில் பயிற்சி என்றார்கள். எனக்கு வாய்த்தது புதுச்சத்திரம் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த பெரிய கோழித்தீவன ஆலை. திருச்செங்கோட்டிலிருந்து தினமும் பஸ். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மக்காச்சோளத் தூசியில் தும்மிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்றே என்று ஆரம்பத்தில் ஒரே எரிச்சல்.

என்னோடு இன்னொருத்தியும் பயிற்சிக்கு வந்திருந்தாள். ஆத்தூர்க்காரி. ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே நீலச் சட்டை, ஒரே ஹெல்மெட். வருடா வருடம் வந்து போகும் பிள்ளைகளின் பெயரெல்லாம் சூப்பர்வைசருக்கு மனசில் நிற்காது. அதற்கு அவர் மெனக்கெடவும் மாட்டார். எங்கள் பக்கம் பெரியவரும் சாமி, குழந்தையும் சாமிதானே. அவருக்கு நாங்கள் இருவருமே சாமி. "சாமி, இங்க வா" என்பார். எந்தச் சாமி என்று நாங்களே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து முடிவு செய்துகொள்வோம்.

"பேருன்னு ஒண்ணு வெச்சிருக்காங்களே, அத என்ன பண்றதாம்?" என்று நான் பொருமுவேன். அவள் சிரிப்பாள். அவளைக் கேலி செய்ய எனக்கு வேறு விஷயம் இருந்தது. நாங்கள் "வாரேனுங்க" என்று இழுக்கிற இடத்தில் அவள் "வரேங்க" என்று வெட்டி முடிப்பாள். "ஒரு துணைக்கால் சேத்திப் போட்டா உங்க ஆத்தூர்ல அடிப்பாங்களாடி?" என்று கேட்பேன்.

அந்த ஆலையில் நான் பயந்தது சைலோவுக்கு மட்டும்தான். சோளம் கொட்டி வைக்கும் இரும்புக் கோபுரம் அது. காலியாக இருக்கும்போது அடி வாசலில் நின்று ஏதாவது சொன்னால், சொன்னது மேலே போய்ச் சுற்றிவிட்டு நிதானமாகத் திரும்பி வரும். என் குரல்தான், ஆனால் என்னுடையது மாதிரி இருக்காது. வெயில் ஏறினால் தகடு விரிந்து உள்ளே டொக், டொக் என்று தட்டும். நின்று கவனித்தால் நின்றுவிடும். நகர்ந்ததும் மறுபடி தட்டும். மூட்டை தைக்கும் அக்கா ஒருத்தர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "இருங்க, இருங்க, தொறக்கறோம்" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போவார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் நடையை எட்டிப் போடுவேன்.

சைலோவுக்குள் போகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் அடியில் இருக்கும் மோட்டார் ஓடும், மேலிருந்து சோளம் கொட்டும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு மஞ்சள் பூட்டு.

அன்று அவள் கல்லூரிக்குப் போவதாக லீவு சொல்லியிருந்தாள். காலையில் வந்து சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி வெளியே போனதை நானே பார்த்தேன். நாங்கள் சைலோவைக் கூட்டி முடித்து, கதவைத் திறந்து போட்டபடி டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து அவரவர் பூட்டைக் கழற்றினோம். நான் என்னுடையதை மட்டும் பார்த்துக் கழற்றிக்கொண்டு கை கழுவக் குழாயடிக்குப் போனேன். சூப்பர்வைசர் சைலோ வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"சாமி! வெளிய வந்தாச்சா?"

"வாரேனுங்க!" என்றேன் குழாயடியிலிருந்து.

சைலோவுக்குள்ளிருந்து, கொஞ்சம் பொறுத்து, "வரேங்க..." என்று வந்தது.

"பாரு, சைலோவும் வருதாமா!" என்றார் ஒருத்தர். சிரித்துக்கொண்டே கதவை இழுத்து மூடி போல்ட்டை முறுக்கினார்கள்.

சூப்பர்வைசர் சுவிட்சைப் போடப் போனால் அதில் ஒரு மஞ்சள் பூட்டு.

"உம் பூட்ட எடுக்கலையா சாமி?"

"எடுத்துட்டனுங்களே." என் பூட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

ஆட்களைப் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள். "போன வருசத்துப் பிள்ளைக உட்டுட்டுப் போனதா இருக்கும்" என்றார்.

"காலைல இது இல்லீங்களே" என்றார் மூட்டை தைக்கும் அக்கா. அந்த நேரம் பார்த்து சைலோ தட்டியது. டொக், டொக். வெயில் நல்லாத்தான் அடித்தது. ஆனாலும் அக்கா "இருங்க" என்று சொல்லவில்லை.

வெளியே சோள லாரிகள் நின்றன. மேனேஜர் போனில் கத்துவது எங்களுக்கே கேட்டது. கட்டரைக் கொண்டுவந்தார்கள். அதன் வாய் பூட்டைக் கவ்வியது. எனக்கோ அந்த எதிரொலி காதை விட்டுப் போகவே இல்லை. அதில் ஏதோ ஒன்று இடித்தது. நான் என்ன சொன்னேன்? வாரேனுங்க. சைலோ என்ன சொன்னது? வரேங்க. எதிரொலி சொன்னதை இழுக்கும், மழுங்கடிக்கும். துணைக்காலை எடுத்துவிட்டு ஆத்தூர்ப் பேச்சு பேசுமா?

"நிறுத்துங்க! அது நானில்லீங்க!"

"என்ன சாமி ஒளர்ற?"

"உள்ள இன்னொரு சாமி இருக்குதுங்க!"

கட்டர் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிடவே போய்விட்டார். "அய்யோ, ஆத்தூர்க்காரிங்க! தொறங்க!" என்று கத்தினேன்.

போல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒரே இருட்டு, தூசி. அதிலிருந்து முதலில் ஹெல்மெட் வந்தது, பிறகு அவள் வந்தாள். உடம்பு முழுக்கச் சோளத் தூசி அப்பி, கண் மட்டும்தான் தெரிந்தது. பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். நாங்கள் டீக்குப் போயிருந்தோம். முந்தின நாள் பாதியில் விட்ட சென்சாரைத் துடைத்துவிடலாம் என்று பூட்டை மாட்டிவிட்டு உள் ஏணியில் உச்சிவரை ஏறியிருக்கிறாள்.

"கூப்ட்டப்பவே வரேங்கன்னு சொன்னனே" என்றாள். "எறங்கறதுக்குள்ள மூடிட்டீங்க. தட்டினேன். தட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

மூட்டை தைக்கும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தனியா உள்ள போவியாடி? அறிவிருக்கா உனக்கு?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு நான்தான் அழுதேன்.

அவள் நேராக சுவிட்சுக்குப் போனாள். பூட்டின் வளையத்தில் கட்டர் கடித்த தடம் பளிச்சென்று இருந்தது. பையிலிருந்து சாவியை எடுத்தாள். கட்டர் நெளித்திருந்ததில் சாவி லேசில் திரும்பவே மாட்டேன் என்றது. உதவி செய்ய யாரும் கை நீட்டவில்லை. அவளே திறந்தாள்.

சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உம் பேரென்ன சாமி?" என்றார்.

அவள் சொன்னாள். அவர் அதைத் தனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் பேரையும் கேட்டார்.