ஏப்ரல் என்று குத்தியிருந்த படம்

சிலைட் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது இன்றைய பிள்ளைகள் அறியாத வேலை. தபால் முத்திரையைவிடச் சற்றுப் பெரிய படச்சுருள் துண்டு ஒன்று, அதைச் சுற்றி வெள்ளை மட்டைச் சட்டம். சட்டத்தின் ஓரத்தில் மாதமும் ஆண்டும் மையால் குத்தியிருக்கும். 1986 ஒக்ரோபரில், ரொறொன்ரோவில் மில்லிக்கன் பக்கம் நான் வேலைசெய்த மட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், அப்படியொரு படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். பாங்கொக் நகரத்தின் படகுத்துறை. சனக்கூட்டத்தின் ஓரத்தில் நீல முதுகுப்பையும் கட்டம்போட்ட சேட்டுமாக ஒருவர் முதுகைக் காட்டி நின்று, எதையோ அண்ணாந்து பார்க்கிறார். சட்டத்தில் ‘ஏப்ரல் 86’ என்று இருந்தது. ஒன்பது மாதங்களாக உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாதிருந்த ஓவசியர் அண்ணைதான் அவர் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

அண்ணை மன்னாரில் தெருவேலைகளை மேற்பார்த்த ஓவசியர். அவருடைய மனைவியை எல்லோரும் ரீச்சர் என்போம். தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு உதவவென்று ரீச்சர் 1983 மே மாதம் ரொறொன்ரோவுக்கு வந்தார். மூன்று மாதத்தில் திரும்பிப்போவதாக ஏற்பாடு. யூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. அவரிடம் வந்து சேரத்தான் அண்ணை 1985இல் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார். வழியில் பாங்கொக்கில் என்னோடு ஒரே அறையில் பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம், இருந்தார்.

வெள்ளைக்கார இளைஞர்கள் மலிவாகத் தங்கும் தெரு ஒன்றில், காசு வாங்கிக்கொண்டு எங்களைக் கனடாவுக்கு அனுப்பவிருந்த ஏஜென்ற் எங்களைக் கொண்டுபோய் விட்டிருந்தான். அறைக்குள் அடைந்து கிடந்தால் சந்தேகப்படுவார்கள், உல்லாசப் பயணிகளைப் போலப் பையை மாட்டிக்கொண்டு ஊர்சுற்றுங்கள் என்பது அவனுடைய கட்டளை. சந்தையில் ஒரே நிறத்தில் இரண்டு முதுகுப்பைகள் வாங்கினோம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்கு முன் திரும்புவதில்லை. எந்தப் படகில் ஏறினால் ஆறு முழுவதும் பார்க்கலாம், எந்தத் தெருக்கடையில் ஒரு கோப்பைச் சோற்றோடு வயிறு நிறையும் என்பதெல்லாம் அந்த இளைஞர்களைப் பின்தொடர்ந்தே கற்றுக்கொண்டோம். பொலிஸ்காரரைக் கண்டால் நான் சந்துக்குள் ஒதுங்கப் பார்ப்பேன். அண்ணை முழங்கையால் இடிப்பார். “மேலை பாரும் தம்பி. ஊர் பாக்க வந்தவன் எப்பவும் மேலைதான் பாப்பான்.” நான் கோபுரங்களையும் மின்கம்பிகளையும் பார்த்தபடி நடப்பேன். அந்த நாட்களை நினைத்தால் பயம் முதலில் வருகிறதா, சந்தோஷம் முதலில் வருகிறதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். நவம்பர் மாதப் பக்கமொன்றில் ‘மீன் சந்தை, இரண்டு கோயில், நல்ல காற்று’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

டிசெம்பர் கடைசிக் கிழமை என்னை விமானம் ஏற்றினார்கள். அண்ணையின் முறை இரண்டு கிழமை கழித்து. அவர் வரவில்லை. நாங்கள் தங்கியிருந்த லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தபோது, ஜனவரி நடுப்பகுதியில் பையோடு வெளிக்கிட்டவர் திரும்பவில்லை என்றார்கள். ஏஜென்றின் எண் அதற்குப் பிறகு வேலை செய்யவேயில்லை.

ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், அடுக்குமாடி ஒன்றின் பதினாலாம் மாடியில், தங்கை குடும்பத்தோடுதான் ரீச்சர் இருந்தார். ஒக்ரோபர் பிறந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கடித உறைகள் கொடுப்பார்கள். நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், மாதம் முழுவதும் பீடத்தருகே வைத்து அவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். அந்த உறை ரீச்சர் வீட்டு மேசையில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு சகோதரிகள் சண்டை பிடித்ததை ஒருநாள் நானே கேட்டேன்.

“செத்த மனுசன் செபமில்லாமல் கிடந்தால் அது ஆரின்ரை பிழை, அக்கா?”

“உயிரோடை இருக்கிற மனுசன்ரை பேரை என்ரை கையாலை எழுதச் சொல்லுறியோ?”

இந்த நிலையில்தான் அந்தப் படம் என் கைக்கு வந்தது. அதை எடுத்தவன் எங்கள் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிய கனடியப் பெடியன். எங்கள் ஆட்கள் தங்களுக்குள் அவனைச் சின்னத்துரை என்பார்கள். பள்ளிப்படிப்பை முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஆசியாவெல்லாம் அலைந்தவன். பாங்கொக்கில் நானும் இருந்தேன் என்று கேட்டதும், மகிழ்ந்துபோய்ப் படப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். அன்று மாலையே நான் ரீச்சரிடம் ஓடினேன். ஜனவரியில் காணாமல்போனவர் ஏப்ரலில் படகுத்துறையில் நிற்கிறார் என்றால் கணக்குத் தெளிவுதானே என்றேன். ரீச்சர் உறையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, சின்னத்துரை படம் காட்டும் கருவியைச் சுமந்துகொண்டு பதினாலாம் மாடிக்கு வந்தான். நான்தான் கேட்டிருந்தேன். பெரிதாகப் பார்த்தால் ரீச்சருக்கு ஆறுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். தங்கை ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். பகல் வெளிச்சம் வராமல் திரைச்சேலையை இழுத்துவிட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டினோம். அவன் உற்சாகமாகக் கதை சொல்லிக்கொண்டு வந்தான். மூட்டைப்பூச்சிக் கட்டிலில் படுத்தது, ஒருநேரச் சாப்பாட்டோடு சமாளித்தது, அடுத்த நாள் எங்கே போவதென்று தெரியாமல் எழும்பியது. தன் வாழ்க்கையிலேயே சுதந்திரமான காலம் அதுதான் என்றான். தங்கையின் கணவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “உவன் காசு குடுத்தெல்லோ அகதியாத் திரிஞ்சிருக்கிறான்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது படகுத்துறைப் படம் சுவரில் விழுந்தது. நான் எழுந்து, ஏப்ரல் முத்திரையைப் பற்றி எல்லோருக்கும் விளக்கினேன். சின்னத்துரை நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டான். சொன்னதும் தலையை ஆட்டினான். அது படம் எடுத்த மாதமல்ல, கழுவிய மாதம் என்றான். நவம்பரில் பாங்கொக்கிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் பழம் பிடுங்கும் வேலை செய்திருக்கிறான். வசந்தத்தில் வீடு திரும்பிய பிறகுதான் எல்லாச் சுருள்களையும் ஒன்றாகக் கழுவக் கொடுத்தானாம்.

அப்படியென்றால் இது 1985 நவம்பர். அண்ணையோடு நானும் அங்கே இருந்த நவம்பர். நாட்குறிப்பை வைத்து மற்றவர்களின் திகதிகளைத் திருத்திக்கொண்டு திரிகிற நான், மட்டையில் குத்தியிருந்த மையை நம்பி ஒரு பெண்ணுக்கு மூன்று மாத உயிரைக் கூட்டிக் கொடுத்திருந்தேன். தங்கை விசும்பத் தொடங்கினார். சின்னத்துரை, தான் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

ரீச்சர் மட்டும் அழவில்லை. எழுந்து துணிக்குப் பக்கத்தில் போய் நின்று கனநேரம் பார்த்தார்.

“சேட்டு அவரின்ரைதான். ஆனா இது அவரில்லை, தம்பி. இது நீர்.”

நான் மறுத்தேன். அண்ணாந்து பார்ப்பது அவர் சொல்லித்தந்த பழக்கம் என்றேன்.

“உமக்குச் சொல்லியிருப்பார். அவர் மேலை பாக்கமாட்டார். கலியாணத்தண்டு கோயில் வாசலிலையும் தார் றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்ட மனுசன்.”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பாங்கொக் வீதிகளில் அண்ணை என்னை மேலே பார்க்கச் சொல்லிவிட்டு, தான் குனிந்து கல்லையும் குழியையும் பார்த்தபடியே வந்தார். இந்த றோட்டுக்குத் தண்ணி வடிய வழி விடேல்லை என்று முணுமுணுப்பார். துவைத்த உடுப்பு காயாத நாட்களில் நாங்கள் சேட்டு மாற்றி உடுத்ததும் உண்மைதான். சுவரில் இருந்த முதுகு என்னுடையது. பன்னிரண்டு கிழமை ஒன்றாகத் திரிந்த மனிதரையும் எனக்குத் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை.

“நீர் இதிலை நிண்டால் அவரும் பக்கத்திலைதான் நிண்டிருப்பார்,” என்றார் ரீச்சர். சட்டத்துக்கு வெளியே வெறும் சுவர்தான் இருந்தது. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு திரைச்சேலையை விலக்கச் சொன்னார்.

அன்றிரவு அவர் உறையை எடுத்து அண்ணையின் பெயரை எழுதியதாகத் தங்கை சொன்னார். மறுநாள் கோயில் அலுவலகத்துக்கு நான்தான் கூடப் போனேன். உறையைக் கொடுத்துவிட்டு ரீச்சர் இன்னொரு பூசைக்கும் பெயர் கொடுத்தார். பிரயாணத்தில் இருக்கும் ஒருவரின் நலத்துக்காக. அதே பெயர். என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். “ரெண்டிலை ஒண்டு அவருக்குப் போய்ச் சேரும்,” என்றார்.

அது ஒரு வருடத்தோடு முடியவில்லை. ரீச்சர் இப்போது பிக்கரிங்கில் தங்கை மகளோடு இருக்கிறார். அண்ணையைப் பற்றி நாங்கள் எழுதாத தூதரகமில்லை, பதில் வந்ததுமில்லை. ஒவ்வொரு ஒக்ரோபரும் நான்தான் அவரைக் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். போன வருடம் அலுவலகத்தில் இங்கே பிறந்த நம்முடைய பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, “அன்ரி, சேம் நேம் ரெண்டு லிஸ்ற்றிலையும் இருக்கு,” என்றாள். ரீச்சருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் வாசல்வரை போய்விட்டிருந்தார். பிள்ளை என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், எதை டிலீற் பண்ண?”

ஒன்றையும் எடுக்கவேண்டாம் பிள்ளை என்றேன்.